நுனிப் பழம்

கொஞ்சம் தள்ளி உக்காருங்க தம்பி. இந்தக் கூடைய மடியில வச்சுக்கிறேன், கீழ வச்சா எவனாச்சும் மிதிச்சுருவான். தேனி வரைக்கும்தான் நானு. நீங்க மதுரையா? பெரிய பையா இருக்கே, மருந்துக் கம்பெனியா? நெனச்சேன். இந்த மே மாச வேக்காட்டுல சட்டைய உள்ள விட்டு, டை கட்டிக்கிட்டு பஸ்ஸுல வர்றது வேற யாரு.

இந்தாங்க, ஒரு கொத்து. அட, பிடிங்க. விக்கிற பழம் இல்ல, நம்ம தோட்டத்துது. கழுவித்தான் எடுத்தாந்தேன். காம்புப் பக்கத்துல இருந்து பிச்சுத் தின்னுங்க. திராட்சையில காம்புப் பக்கந்தான் மொதல்ல பழுக்கும். நுனிப் பக்கம் எப்பவும் ஒரு வாரம் பின்னாடிதான் வரும், அதக் கடைசியில பாத்துக்கலாம். எப்பிடி? நல்லா இருக்கா? இல்லன்னு சொன்னீகன்னா இந்தச் சன்னல் வழியா குதிச்சுருவேன். என் பேரு இன்னாசிமுத்து. கம்பம் பள்ளத்தாக்குல எந்த யாவாரிகிட்ட வேணும்னாலும் கேளுங்க, இன்னாசி தோட்டத்துல புளிப்புப் பழம் உண்டான்னு. சிரிப்பான்.

மணி என்ன? ஒம்போதே காலா. அப்பச் சரி. பதினோரு மணிக்கு நான் தேனியில இருக்கணும். ஒரு ஒயின் கம்பெனி ஆபீசுல விசாரணை. அட, போலீஸ் விசாரணை இல்ல, இப்பிடிப் பாக்காதீங்க. அந்தக் கம்பெனியில ஒயின் போடுற பொண்ணு ஒண்ணு இருக்கு, சுகன்யான்னு பேரு, பொள்ளாச்சிப் பக்கம். அதுக்கு வேலை இருக்கா இல்லையான்னு இன்னைக்குச் சொல்லப் போறாக. நான் சாட்சி. என்னைய நம்பித்தான் அந்தப் புள்ள இருக்கு. பஸ் ஸ்டாண்டுக்கே வந்து கூட்டிட்டுப் போறேன்னு சொல்லியிருக்கு. "நீங்க வந்தா போதுமுங்கய்யா"ன்னு நேத்து போன்ல சொன்னுச்சு. சொல்லும்போதே குரல் ஒரு மாதிரி இருந்துச்சு.

நான் என்ன செய்யணும்? பெருசா ஒண்ணுமில்ல. ஜனவரி மாசம், அறுப்புக்கு முந்தின வாரம், அந்தப் புள்ள தெனமும் என் தோட்டத்துக்கு வந்துச்சுன்னு சொல்லணும். வந்துச்சு. அது உண்மை. உண்மையச் சொல்றதுக்கு எனக்கு என்ன பயம்? பயமே கெடயாது. தூக்கம் மட்டும் நாலு நாளா இல்ல. அது இந்த வேக்காட்டுக்கு.

நீங்க குடிப்பீகளா? சும்மா கேட்டேன். நான் தொட மாட்டேன். நாங்க வேதக்காரவுக. பூசையில ஒயினு உண்டு, ஆனா அது சாமியாருக்கு, எங்களுக்கு அப்பத்தோட சரி. மூணு வருசத்துக்கு முந்தி இந்தக் கம்பெனிக்காரவுக வந்தாக. கறுப்புப் பன்னீர் திராட்சையில ஒரு ஒன்றரை ஏக்கர எடுத்துட்டு வெள்ளைப் பழம் போடுங்க, நாங்களே ஒட்டுக் கட்டித் தர்றோம், பழத்த நாங்களே எடுத்துக்கிறோம்னாக. அந்தக் கொடிக்கு வாயில நொழையாத ஒரு வெள்ளக்காரப் பேரு. நான் சவரியான்னு கூப்புடுவேன். நல்லாத்தான் வளந்துச்சு, சவரியானும்.

அந்தக் கம்பெனியோட வந்ததுதான் சுகன்யா. நாசிக்குல படிச்சு, பிரான்சுல ரெண்டு வருசம் வேலை பாத்துட்டு வந்த புள்ள. கொடி காய்க்க ஆரம்பிச்ச வருசமே ஒரு காரியம் பண்ணுச்சு. எங்க பள்ளத்தாக்குல ஒரே கொடி வருசத்துக்கு ரெண்டு தடவ காய்க்கும், தெரியுமா உங்களுக்கு? கவாத்து வெட்டுன நாலாவது மாசம் பழம். வெளிநாட்டுல ஒரு தடவதானாம், பனி விழுந்தா கொடி தூங்கப் போயிருமாம். எங்க கொடிக்குத் தூக்கமே கெடயாது. அந்தப் புள்ள என்ன பண்ணுச்சு, மே மாசப் பழத்துல ஒரு ஒயின், ஜனவரிப் பழத்துல ஒரு ஒயின், ரெண்டையும் போட்டு, ரெண்டு கிளாசுல ஊத்தி, என் மோட்டார் ரூம்புக்கே கொண்டாந்துருச்சு.

"குடிக்க வேண்டாமுங்கய்யா, மோந்து பாத்து நாக்குல வச்சுட்டுத் துப்பிருங்க"ன்னுச்சு. துப்பத்தானே, பாவமில்லன்னு வாங்குனேன். மே மாசத்துது, மோந்தவொடனே மாம்பழ வாடை. பலாச்சொளையும் மாம்பழமும் ஒண்ணாக் கெடக்குற ரூம்புக்குள்ள போன மாதிரி. வாயில வச்சா கனமா, கொழகொழன்னு, காதுக்கு மேல சூடு ஏறுது. ஜனவரிது வேற ஆளு. எலுமிச்சந்தோல நசுக்குன வாடை. நாக்குல பட்டதும் வாய் ஊறுது, கண்ணு தன்னால சுருங்குது.

"ரெண்டும் ஒரே கொடிதானுங்கய்யா. மண்ணு ஒண்ணு, தண்ணி ஒண்ணு, கவாத்து வெட்டுன உங்க கையும் ஒண்ணு. பருவம் மட்டுந்தான் வேற"ன்னுச்சு அந்தப் புள்ள. பகல் வெயிலு பழத்துல இனிப்ப ஏத்துமாம். மலையில இருந்து எறங்குற ராத்திரிக் குளிரு புளிப்பக் காப்பாத்தி வைக்குமாம். மே மாசம் பகலும் வேகுது ராத்திரியும் வேகுது, புளிப்பு ஓடிப் போயிருது, இனிப்பு மட்டும் நிக்கிது. வெள்ளை ஒயினுக்குப் புளிப்புதான் உசுராம். "புளி கரைக்காத ரசம் வெறும் மொளகுத் தண்ணிதானுங்களே, அது மாதிரி"ன்னு சொன்னுச்சு. குளுரு நாட்டு ஒயின் எலுமிச்சை மாதிரி இருக்கும், வெயில் நாட்டு ஒயின் அன்னாசி மாதிரி இருக்கும், நம்மளுது வெயில் ஊரு, ஆனா மார்கழி தையில மட்டும் மலை நமக்குக் கொஞ்சம் குளுரு அனுப்புது, அந்தக் குளுருக்குள்ள பழத்த அறுத்துரணும். இதுதான் அந்தப் புள்ளையோட வேதம்.

நான் கேட்டேன், "அப்ப மாங்காய வித்துப்புட்டு மாம்பழத்தக் கீழ கொட்டணுமா தாயி?"ன்னு. விழுந்து விழுந்து சிரிச்சுச்சு. நான் வெளையாட்டுக்குக் கேக்கல தம்பி. நெசமாவே கேட்டேன்.

இது சின்னமனூரா? வண்டி இன்னைக்கு என்ன இம்புட்டு வெரசாப் போறான். மத்த நாள்ல எல்லா வேப்பமரத்துக்கும் நிப்பாட்டுவான்.

உங்களுக்கு ஒண்ணு சொல்லணும், அப்பத்தான் வெளங்கும். இருவத்திரெண்டு வருசத்துக்கு முந்தி, மலையாள யாவாரி ஒருத்தன் என் தோட்டத்துக்கு வந்தான். அன்னைக்குக் கைச்செலவுக்கு அவசரம், ஒரு வாரம் முந்தியே அறுக்கலாம்னு கூப்பிட்டிருந்தேன். அவன் ஒரு பழத்தப் பிச்சு வாயில போட்டான். மெல்லக்கூட இல்ல. என் காலு பக்கத்துல துப்புனான். துப்பிட்டு, "புளி விக்கிறதுன்னா பலசரக்குக் கடை போடு"ன்னான். என் சம்சாரம் நின்னுக்கிட்டு இருக்கா, அறுப்புக்கு வந்த பொம்பளைங்க பதினஞ்சு பேரு நிக்கிறாக. ஒருத்தி சிரிச்சா. யாருன்னு இன்னைக்கும் எனக்குத் தெரியும். அன்னைக்குச் சொன்னேன், இனிமே என் பந்தல்ல இருந்து ஒரு புளிப்புப் பழம் வெளிய போகாதுன்னு. போகல. இருவத்திரெண்டு வருசம் போகல. அந்த எச்சி இன்னும் என் காலுல காயல தம்பி.

அப்பிடிப்பட்ட ஆளுகிட்ட வந்து, பத்தொம்பதுல அறுங்கன்னா?

பத்தொம்பதுன்னா இனிப்போட எண்ணு. கையில அடக்கமா ஒரு மீட்டரு வச்சிருக்கும் அந்தப் புள்ள. நூறு பழத்தத் தோட்டம் பூராவும் அங்கொண்ணு இங்கொண்ணாப் பிச்சு, ஒரு பையில போட்டு நசுக்கி, ஒரு சொட்டு சாற மீட்டர்ல விட்டு, வெளிச்சத்துப் பக்கம் தூக்கிப் பாக்கும். பத்தொம்பது காட்டுன அன்னைக்கு அறுப்பு. யாவாரிக்கு நாங்க குடுக்குறது இருவத்திரெண்டு, இருவத்துமூணு. பத்தொம்பதுல நாக்குல இன்னும் ஊசி குத்தும். பக்கத்துத் தோட்டத்து சூசை வரப்புல நின்னு கேக்குறான், "என்ன இன்னாசி, இந்த வருசம் காய அறுக்கப் போறியாமே, ஊறுகாய்க்கா?"ன்னு. அவன் கேட்டதுல தப்பில்ல. நானும் கேட்டிருப்பேன்.

கம்பெனி மொதலாளி மெட்ராசுல இருக்காரு. அவருக்கு இதுல நம்பிக்க கெடயாது. "நம்ம வெயிலுக்கு வெள்ளை ஒயினா, கறுப்புப் பழத்துல இனிப்பு ஒயின் போட்டாப் போதும்"னு சொல்லிட்டாரு. இந்தப் புள்ள கெஞ்சிக் கூத்தாடி, இந்த ஜனவரி ஒரு தடவ மட்டும் பாருங்க சார், நல்லா வரலேன்னா கொடியப் புடுங்கிருங்க, நானும் போயிர்றேன்னு சொல்லி வாங்கியிருக்கு. அது எனக்குத் தெரியும். தெரியாதுன்னு சொல்ல மாட்டேன். என்கிட்ட வந்துதான் மொதல்ல சொன்னுச்சு. "இந்தத் தடவ எல்லாமே உங்க பழத்துலதானுங்கய்யா இருக்கு"ன்னுச்சு. அதனாலதான தம்பி நான் அம்புட்டு மெனக்கெட்டேன்?

ஜனவரியில, பொங்கல் முடிஞ்ச கையோட, அதுக்குக் கால் சுளுக்கிருச்சு. என் வாய்க்கா வரப்புலதான், ஈரத்துல வழுக்கி. கணுக்காலு பூசணிக்கா மாதிரி வீங்கிருச்சு. பந்தலுக்குள்ள குனிஞ்சுதான் போகணும், கல்தூணு, கம்பி, சேறு. அதால முடியல. ஆனா வீட்டுல இருக்குமா? இருக்காது. தெனமும் வண்டிய ஒத்தக் காலுல ஓட்டிட்டு வந்துரும். மேட்டுல பழம் அடுக்குற கிரேட்டு ஒண்ணக் கவுத்திப் போட்டு அதுல உக்காந்துக்கும். மீட்டரு மடியில. பைய என்கிட்ட குடுத்து, "உங்க கையில நூறு பழம் எடுத்தாங்கய்யா, உங்க கைக்குத் தெரியாததா"ன்னு சொல்லும்.

இன்னொரு கொத்து எடுத்துக்கங்களேன். போதுமா? சரி, அதையாச்சும் முழுசாத் தின்னுங்க.

இங்க ஒரு விசயம் சொல்றேன், வெளிய சொல்லிறாதீங்க. நீங்க மதுரைக்காரவுக, யாருகிட்டச் சொல்லப் போறீங்க. யாவாரி தோட்டத்துக்கு வந்தான்னா, அவனா பிச்சுத் திங்க விட மாட்டோம். நாங்களேதான் பிச்சு நீட்டுவோம். காம்புப் பக்கத்துப் பழமா, வெளி வரிசையா, நல்லாப் பழுத்ததாப் பாத்து. அவன் நாக்குக்குத் தோட்டம் பூராவும் அப்பிடித்தான்னு தோணணும். இத ஏமாத்துன்னு சொல்லக் கூடாது. பொண்ணு பாக்க வந்தா நல்ல சேலதான கட்டிவிடுவோம்? அவனும் அது தெரிஞ்சுதான் வெல பேசுவான். எங்க பக்கம் எல்லாரும் செய்வாக. யாரும் சொல்ல மாட்டாக.

அந்த வாரம் நான் அதத் திருப்பிச் செஞ்சேன். அம்புட்டுதான்.

திங்கக்கெழம காலையில பந்தலுக்குள்ள போயி, நாலு எடத்துல வாயில போட்டுப் பாத்தேன். பத்தொம்பது. எனக்கு மீட்டரு வேண்டாம், நாக்கே சொல்லிரும். பத்தொம்பது வந்துருச்சு, பழத்துல இன்னும் ஊசி போகல. இத அறுத்து லாரியில ஏத்துனா என் பேரு என்னாகுறது? இன்னும் ஒரு நாலு நாள் விட்டா தேனாயிருமே, அந்தப் புள்ளைக்கு ஒயினும் தேனா வருமேன்னு நெனச்சேன். நல்லதுதான் நெனச்சேன், சத்தியமா. பையத் தொறந்து நூறு பழமும் நுனியில பிச்சேன். கொத்தோட கடேசி நுனி, இலை நெழல்ல இருக்குறதாப் பாத்து. அந்தப் புள்ள நசுக்கிப் பாத்துச்சு. பதினேழு. ஒரு சின்னக் குப்பியில மருந்து ஊத்தி புளிப்பும் பாத்துச்சு, புளிப்பு சும்மா தூக்கி அடிக்குது. அதுக்கு மொகமெல்லாம் சந்தோசம். "இன்னும் ரெண்டு எண்ணு இருக்குங்கய்யா. பொறுக்கலாமுங்களா?" "பொறுக்கலாம் தாயி"ன்னேன்.

புதன்கெழமையும் நுனி. பதினெட்டு.

அன்னைக்குத்தான் தம்பி காத்து நின்னுச்சு. எங்க ஊருல தையிலயும் மலைக் காத்து ராத்திரி போர்வையப் புடுங்கும். அந்தப் புதன் வியாழன் ஒரு எல அசையல. ராத்திரி ஃபேன் போட்டுப் படுத்தோம், தை மாசத்துல. என் ஆயுசுல நான் பாத்ததில்ல. வியாழக்கெழமையும் நுனி, அதே பதினெட்டு. அந்தப் புள்ள கிரேட்டுல உக்காந்துக்கிட்டு மலையவே பாக்குது. "அய்யா, ரெண்டு நாளா காத்தே இல்ல, ராத்திரியும் வேகுதுங்களே. இந்நேரம் எண்ணு ஓடியிருக்கணுமே, ஏனுங்கய்யா ஏறல?"ன்னு கேட்டுச்சு. நேரா என் மொகத்தப் பாத்துக் கேட்டுச்சு.

நான் சொன்னேன், "பந்தல் நெழலு தாயி"ன்னு.

என்ன சொல்லச் சொல்றீக? அந்த நேரத்துல எப்பிடிச் சொல்றது? ஒரு நாள்தான இன்னும்னு நெனச்சேன்.

வெள்ளிக்கெழம நுனியே இருவது காட்டிருச்சு. நுனியே இருவதுன்னா காம்புப் பழம் என்ன, நீங்களே யோசிங்க. அந்தப் புள்ள பதறிப்போயி போன எடுத்து, ஆளுகளக் கூப்பிட்டு, சனிக்கெழம விடியறதுக்குள்ள அறுப்பு. பழம் எப்பிடி இருந்துச்சுங்கிறீக! அறுக்குற பொம்பளைங்க பாதியத் தின்னாக. "அண்ணே, இந்த வருசம் கல்கண்டு"ன்னாக. அது என் காதுல விழுகுது, சந்தோசமாத்தான் இருக்கு, ஆனா ஒரு பழத்தக்கூட நான் வாயில போடல.

கம்பெனியில தொட்டியில சாறு எறங்குனதும் அது மீட்டரப் போட்டுப் பாத்துச்சு. இருவத்துநாலு. துப்பட்டாவுல மீட்டரத் தொடச்சுச்சு. மறுபடியும் பாத்துச்சு. மறுபடியும் தொடச்சுச்சு. நான் பக்கத்துலதான் நிக்கிறேன், கையில காலிக் கிரேட்டு. என்னையப் பாத்து, "நான் தப்பாப் பாத்திருக்கேனுங்கய்யா"ன்னுச்சு. நான் கிரேட்டக் கழுவப் போயிட்டேன். நான் ஏன் வாயத் தொறக்கணும், என்னைய யாரும் ஒண்ணும் கேக்கலியே.

ஏப்ரல்ல ஒயின் தயாராகி, மெட்ராசுல இருந்து ஆளுக வந்து குடிச்சுப் பாத்தாக. சப்புன்னு இருக்காம். கனமாம். சூடாம். போதைதான் ஏறுது, வாய் ஊறலையாம். "மே மாச ஒயின ஜனவரியில போட்டு வச்சிருக்கீங்களே"ன்னு ஒருத்தர் சிரிச்சாராம். எனக்கும் ஒரு சொட்டு குடுத்துச்சு அந்தப் புள்ள. எனக்கு நல்லாத்தான் இருந்துச்சு! மாம்பழ வாடை. நல்லாத்தான தாயி இருக்குன்னேன். கிளாச வாங்கிக் கழுவி வச்சிருச்சு.

இப்ப மேனேஜரு என்ன எழுதிட்டாருன்னா, கால் சுளுக்குன்னு சொல்லி அந்த வாரம் இந்தம்மா தோட்டத்துக்கே போகல, வீட்டுல உக்காந்துக்கிட்டு எண்ண எழுதிருச்சுன்னு. அதுக்குத்தான் விசாரணை. தப்பு அந்தப் புள்ள மேலன்னா அதுக்கு வேலை போகும், தோட்டத்து மேலன்னா கொடி போகும். பாத்தீகளா அநியாயத்த? அநியாயமா இல்லையா, சொல்லுங்க! வீங்குன காலோட வந்த புள்ள. அதான் நான் சாட்சிக்குப் போறேன். என் வேலைய விட்டுட்டு, கூடை பழம் தூக்கிக்கிட்டு. வந்துச்சு சார், தெனமும் வந்துச்சு, என் கண்ணால பாத்தேன், அம்புட்டுதான் சொல்லப் போறேன். கேட்டதுக்கு மேல எதுக்குச் சொல்லணும்?

மணி என்ன தம்பி?

பாதிக் கொத்த ஏன் அப்பிடியே கையில வச்சிருக்கீக? சரி, இதையும் சொல்லிர்றேன். அந்தப் புள்ள ஊருல இருந்து இன்னொரு மீட்டரு வரவழைச்சு, பழச அதோட வச்சுப் பாத்துச்சாம். ரெண்டும் ஒரே எண்ணுதான் காட்டுச்சாம். அப்பவாச்சும் என்னையச் சந்தேகப்படலாம்ல? படல. கண் டாக்டர்கிட்டப் போயிருச்சு. நெசமாத்தான். மதுரைக்குப் போயி, ஒரு நாள் பூராவும் உக்காந்து, கண்ணுல சொட்டு மருந்து ஊத்திப் பாத்துட்டு வந்துச்சு. கண்ணு நல்லா இருக்குன்னு சொல்லிட்டாராம். அத என்கிட்ட வந்து சொல்லுது. "கண்ணும் நல்லாத்தானுங்கய்யா இருக்கு, அப்ப எங்க தப்பு நடந்துச்சுன்னே தெரியல"ன்னு.

அன்னைக்கு ரெண்டு வாய்க்கு மேல எனக்குச் சோறு எறங்கல. சம்சாரம் கேட்டா, வயிறு சரியில்லன்னேன்.

ஈஸ்டருக்கு முந்தி பாவசங்கீர்த்தனம் பண்ணப் போனேன். மருமகள வைஞ்சத சொன்னேன், கோயில் கூட்டத்துல சூசையக் கை நீட்டி அடிச்சதச் சொன்னேன், எல்லாம் சொன்னேன். இதச் சொல்லல. இது பாவத்துல வராது தம்பி. நான் என்ன பூச்சி மருந்தா கலந்தேன்? இனிப்பு குடுத்தேன். இனிப்பு குடுத்ததுக்கு எந்தச் சாமியாரு தண்டனை குடுப்பாரு? அதோட, சொன்னா என்னாகும்? கம்பெனிக்காரன் சவரியானப் புடுங்கிருவான். அது போனாப் போகுது. இன்னாசி பழத்த மாத்திப் பிச்சுக் குடுத்தான்னு கம்பத்துல இருந்து கூடலூரு வரைக்கும் பேசுவான். எவன் என் பந்தலுக்குள்ள வருவான்? என் கையில இருந்து ஒரு பழத்த எவன் வாங்கித் திம்பான்?

வீரபாண்டி வந்துருச்சா. அதுக்குள்ளயா?

இருங்க, போனு. அந்தப் புள்ளதான். "ஆங், சொல்லு தாயி. வீரபாண்டி தாண்டிக்கிட்டு இருக்கேன். இல்ல, சாப்பிட்டுத்தான் வந்தேன். என்னது? யாரு கேப்பாரு? ம். ம். சரி. இல்ல தாயி, அது எதுக்கு... சரி. சரி. வையி."

அட ஆண்டவரே.

ஒண்ணுமில்ல தம்பி. தண்ணி இருக்கா, ஒரு வாய் குடுங்க.

மேனேஜரு ஒரு கேள்வி வச்சிருக்காராம். பழத்த யாரு பிச்சதுன்னு. அந்தப் புள்ள சொல்லுது, "நான்தான் பிச்சேன்னு சொல்லிர்றேனுங்கய்யா, நீங்களும் அப்பிடியே சொல்லிருங்க. நீங்க பிச்சதுன்னு சொன்னா உங்க மேல பழி போட்டு, கொடியப் புடுங்கிருவாங்க. என்னால உங்க தோட்டத்துக்கு ஒண்ணும் வந்துரக் கூடாது"ன்னு. என்னையக் காப்பாத்துது தம்பி. தன் வேலை போகப் போகுது, அது என்னையக் காப்பாத்துது.

நல்ல புள்ளன்னு நான் மொதல்லயே சொன்னேனா இல்லையா. சொன்னேன்ல?

ஆனா இது சரியா வராது. நான் உண்மையச் சொல்லத்தான வந்தேன்? இப்பப் பொய் சொல்லச் சொன்னா எப்பிடி? பொய் சொல்லி எனக்குப் பழக்கமில்ல. பொய் சொல்லக் கூடாதுன்னா, நான் அங்க போகாம இருக்குறதுதான் முறை. நீங்க படிச்சவுக, சொல்லுங்க. போகலேன்னா பொய்யும் இல்ல, ஒண்ணும் இல்ல. வண்டி கெடைக்கலன்னு சொல்லிரலாம். வயிறு சரியில்லன்னு சொல்லிரலாம். கண்டக்டர்! இங்க பாருங்க, எனக்கு மதுரைக்கு ஒரு டிக்கெட்டு குடுங்க. ஆமா, மதுரைக்கு. எனக்கு அங்க ஒரு சோலி இருக்கு. தேனியில எறங்கல.

என்ன தம்பி? சோலி இருக்குங்கிறேன்ல.

தேனி வந்துருச்சு. இங்க பத்து நிமிசம் நிப்பாட்டுவான் பாவிப்பய. கொஞ்சம் அந்தப் பைய இந்தப் பக்கம் வைங்க, சன்னல மறைச்சாப்ல. நிக்கிது பாருங்க, அந்தத் தூணுக்குப் பக்கத்துல, பச்சைச் சுடிதாரு, கையில கொடை. கொடை எனக்கு. வெயிலா இருக்கும், நான் கொண்டாறேன்னு போன்லயே சொன்னுச்சு. இன்னும் அந்தக் கால் லேசாத் தாங்கித்தான் நடக்குது, பாத்தீகளா. ஒவ்வொரு வண்டியாப் பாக்குது. நான் குனிஞ்சுக்கிறேன். பைய வைங்க தம்பி, கொஞ்சம் ஒசரமா. ஏன் வைக்க மாட்டேங்கிறீக?

இன்னும் நிக்கிதா? இந்தப் பக்கம் பாக்குதா?

ஏங்க, நீங்க ஏன் எந்திரிக்கிறீக. உக்காருங்க. உங்களக் கும்புடுறேன், உக்காருங்க. சன்னலுக்கு வெளிய ஏன் கைய நீட்டுறீக? அவ யாரு, நீங்க யாரு, உங்களுக்கு என்ன தம்பி வந்துச்சு? கையக் காட்டாதீங்க. காட்டாதீங்கங்கிறேன்ல!

பாத்துருச்சு.

சிரிக்கிது. வருது.

சரி விடுங்க. கூடைய எடுத்துக்கிறேன். இல்ல, கூடை உங்ககிட்டயே இருக்கட்டும், வீட்டுக்குக் கொண்டுபோங்க. நான் தப்புச் செஞ்சேன்னு சொல்ல மாட்டேன் தம்பி, அத மட்டும் யாரும் எதிர்பாக்காதீங்க. எந்தப் பழத்தப் பிச்சேன்னு கேட்டா சொல்றேன். அந்தக் கொத்த இப்பிடிக் குடுங்க. உங்க கையில இருக்குறது. மேல் பழமெல்லாம் நீங்க தின்னுட்டீக. நுனி மட்டுந்தான் இருக்கு. குடுங்க, எனக்கு அதுதான் வேணும்.